கயிறு திரித்தவள் இருந்த இடம்

சென்ற கோடை விடுமுறையில் அம்மாவுக்காக ஒரு ஸ்டூல் செய்தேன். நான்கு கால்கள், எட்டுச் சட்டங்கள், மேலே கயிற்றுப் பின்னல். தரையிலிருந்து 16 அங்குல உயரம். அம்மாவுக்கு 72 வயதாகிறது. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி எங்கள் குறுகலான சமையலறைக்குள் நுழைவதில்லை. அதனால் காலை ஐந்தரையிலிருந்து பத்து மணி வரை அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பாள். சொன்னாலும் கேட்கமாட்டாள்.

சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கயிற்றுச் சுருள் கிடைத்ததுதான் காரணம். அம்மா தன் கையால் திரித்த கடைசிக் கயிறு அது. 1990களின் நடுவில் அவள் அந்த வேலையை விட்டாள். சாக்கில் சுற்றி வைத்திருந்ததால் ஓரிரு இடங்களைத் தவிர இற்றுப்போகவில்லை. அளந்து பார்த்தேன், 70 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

எங்கள் தெருமுனையில் இருக்கும் தச்சுப் பட்டறையில் மூன்று வாரம் மாலை வேளைகளில் போய் நின்றேன். பட்டறைக்காரர் பூவரசு எடுக்கச் சொன்னார். எளிதில் வெடிக்காது, ஆணி இல்லாமலே பிடிப்பு நிற்கும் என்றார். காலில் துளை போடுவதையும் சட்டத்தின் முனையில் கழுந்து செதுக்குவதையும் அவரிடம்தான் கற்றேன். என் முதல் கழுந்து துளைக்குள் ஆடியது. மெல்லிய ஆப்பு ஒன்றை இறக்கிச் சரிசெய்தார். முன்பின் சட்டங்களைவிடப் பக்கச் சட்டங்களை அரை அங்குலம் தாழ்த்தி வைக்க வேண்டும். இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் சந்தித்தால் கால் பலமிழந்துவிடும். கயிறு உட்காரும் சட்டத்தின் விளிம்புகளை இழைப்புளியால் உருட்டிவிட வேண்டும். கூர்முனை இருந்தால் நாளடைவில் கயிற்றை அறுத்துவிடும். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் கடைசியில் ஒன்று கேட்டார்: “கயிறு யாரு டீச்சர் கட்டுவா?”

அம்மா கட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவளிடம் கேட்டபோது சிரித்தாள். “எனக்குத் திரிக்கத்தான் தெரியும் மக்ளே. கட்டுறது ஆம்பிளைக்க வேலையில்லா.”

முப்பது ஆண்டு கயிறு திரித்தவளுக்கு அந்தக் கயிற்றால் ஓர் இருக்கையைக் கட்டத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும் தேவை தனக்கு வந்ததே இல்லை என்றாள். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

கட்டில் பின்னுகிற ஒருவனைப் பற்றித் தமிழில் மிகப் பழைய பாட்டு ஒன்று உண்டு. புறநானூற்றின் 82ஆம் பாட்டு அது. சாத்தந்தையார் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் பாடியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை. மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டிலைப் பின்னிக்கொண்டிருப்பவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எவ்வளவு வேகமாக ஓடும்! அவ்வளவு வேகமாக நடந்ததாம் மன்னனின் போர். அந்தத் தொழிலாளியை இழிசினன் என்ற சொல்லால் குறிக்கிறது பாட்டு.

பதினைந்து ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறேன். உவமையின் நுட்பத்தைச் சொல்வேன், விரைவைக் காட்டப் புலவர் நான்கு நெருக்கடிகளை அடுக்கும் விதத்தைச் சொல்வேன். இரண்டு ஆண்டுக்கு முன் முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, “அந்த அம்மா எதுல படுத்திருந்தாங்க மேடம்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டில் முற்றத்தில் இருக்கிறது, இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் அது வேறு யாருக்கோ போக வேண்டியதாக இருக்கலாம். அவள் வீட்டுக்குள் தரையில் வலியோடு கிடக்கிறாள். பாட்டில் அவளுக்குக் கிடைத்த இடம் இரண்டே சொல். அவனுக்கும் நிறைய இடமில்லை. அவன் கைவேகம் மன்னனின் புகழுக்குப் பயன்படுகிறது, அவனுக்கு மிஞ்சுவது ஒரு வசைப்பெயர்.

அதே புறநானூற்றில் இன்னொரு கட்டில் இருக்கிறது. அரச முரசு வைக்கும் கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில், களைத்து வந்த மோசிகீரனார் அது என்னவென்று அறியாமல் அதில் படுத்து உறங்கிவிடுகிறார். வெட்டிப் போட்டிருக்க வேண்டிய சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, கவரி எடுத்து அவருக்கு வீசுகிறான். தமிழின் பெருமை என்று இந்த 50ஆம் பாட்டை மேடைதோறும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். களைத்த உடலுக்கு இரங்கிய அந்தக் கவரி 82ஆம் பாட்டின் வீட்டு வாசலுக்கு வரவில்லை. இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்கு ஒரு மாணவியின் கேள்வி தேவைப்பட்டது.

*

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் மணக்குடிக் காயலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழையாறு கடலில் சேரும் இடம். தேங்காயின் கதம்பையை உப்பும் நன்னீரும் கலந்த காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஆறு முதல் பத்து மாதம் வரை அழுக விட்டால்தான் தும்பு இளகும். கதம்பை அழுகும் நீர் கறுத்துவிடும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். என் பள்ளிச் சீருடையிலும் அந்த வாடை இருந்தது. வகுப்பில் யாரும் என் பக்கத்தில் உட்கார விரும்பாத காலம் ஒன்று உண்டு.

இடுப்பளவு நீரில் இறங்கி ஊறிய கதம்பையை எடுப்பது, மேல்தோலை உரிப்பது, மரத்தடியால் அடித்துத் தும்பைப் பிரிப்பது, உதறி வெயிலில் காயவைப்பது என எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள். பிறகு திரிப்பு. ஒருத்தி ராட்டைச் சுற்றுவாள். மற்ற இருவர் தும்பை மடியில் கட்டிக்கொண்டு, ராட்டின் கதிரில் முனையை மாட்டி, விரலால் தும்பை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். நடக்க நடக்க இழை நீளும். கோடியில் போனதும் இரண்டு இழைகளையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். ஒற்றை இழையை ஒரு திசையில் முறுக்கினால் விட்டவுடன் பிரிந்துவிடும். இரண்டு இழைகளை எதிர்முறுக்கில் சேர்த்தால் ஒன்றின் பிரியும் விசை மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கயிறு என்பதே அதுதான்.

அம்மா பதினோரு வயதில் இந்த வேலைக்குப் போனாள். நாள் முழுவதும் பின்னோக்கி நடந்தவள் அவள். என்னை வயிற்றில் சுமந்தபோதும் ஒன்பதாம் மாதம் வரை மடியில் தும்போடு நடந்தாள். எந்த நேரத்தில் உட்காருவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “கதம்பை அடிக்கச்சில இருந்துதான அடிப்போம்” என்றாள். அவள் வாழ்க்கையில் உட்காருவது என்பதும் வேலையின் ஒரு பகுதியாகத்தான் இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கட்டில் இருந்தது. அப்பாவின் கட்டில். அதன் கயிறு முழுவதும் அம்மா திரித்தது. அப்பா வெளியே போயிருக்கும்போது நாங்கள் பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்திருக்கிறோம். அம்மா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மிகவும் அசதியாக இருந்தால் தரையில் உட்கார்ந்து கட்டிலின் காலில் சாய்ந்துகொள்வாள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கயிறு தொய்ந்துபோகும். கட்டில் கட்டுகிற தாத்தா வருவார். முற்றத்தில் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, பழைய கயிற்றை அறுத்தெடுத்து, புதிதாகப் பின்னுவார். கால்மாட்டில் மட்டும் ஒரு சாண் இடம் விட்டு இழுகயிறு போடுவார். தொய்யும்போது அதை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். அவர் விரல்கள் ஓடுவதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மாலையில் வேலை முடிந்ததும் கட்டில் நிறுத்தப்படும். அவர் அதில் உட்கார்ந்து இறுக்கம் பார்க்கமாட்டார், கையால்தான் அழுத்திப் பார்ப்பார். தண்ணீர் கேட்டால் அம்மா சிரட்டையில் ஊற்றுவாள், சற்று உயரத்திலிருந்து.

அந்தச் சிரட்டையை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிட்டால் அது பாதி வரலாறாகிவிடும். கணவனின் கட்டிலில் உட்கார முடியாதவள், அதைக் கட்டியவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. அண்மையில் அவளிடம் கேட்டேன். “அப்பம் எல்லாரும் அப்பிடித்தான மக்ளே” என்றாள். பிறகு நெடுநேரம் பேசவில்லை. சாதி தனக்குத் தந்த சிறிய உயரத்தில் அவள் நின்றிருந்தாள். அந்த உயரத்தில் வளர்ந்தவள்தான் நானும்.

*

இந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் பிறந்ததல்ல. 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த நாட்டின் வரலாற்றில் 1859ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டு ஜூலை 26இல், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. அதே 1859இல், வடக்கே ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். தேங்காய் நார்ப் பாய்களும் மிதியடிகளும் அங்கிருந்து கப்பலேறின.

ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் நடந்த இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் உழைக்கும் பெண்ணின் உடல் இரண்டிலும் இருக்கிறது. தெற்கே அவள் தோளில் எதைப் போடலாம் என்பதை அரசு முடிவு செய்தது. வடக்கே அவள் கைகளை உலகச் சந்தை எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைக்குள் தறியில் பாய் நெய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தத் தறிக்கு வேண்டிய நூலைக் காயலோர முற்றங்களில் அடித்தும் திரித்தும் கொடுத்தவர்கள் பெண்கள். 1922இல் ஆலப்புழையில் தொழிலாளர் சங்கம் உருவானபோது அது தொழிற்சாலையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. வாசலும் மணியும் வருகைப் பதிவேடும் உள்ள இடத்தில் சங்கம் கட்டுவது எளிது. முற்றத்தில் திரிப்பவளுக்கு இவை எதுவும் இல்லை. அவளுடைய வேலை வீட்டு வேலையின் நீட்சியாகத்தான் பார்க்கப்பட்டது.

1970களில் தும்பு பிரிக்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கியபோது கேரளத்தில் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. இயந்திரங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பச்சைமட்டைத் தும்பு லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போனது. காயலில் ஊறப்போட்டு அடிக்கும் வேலை மெல்ல மெல்லச் சுருங்கியது. அம்மாவின் வேலை போனது இந்தப் பெரிய நகர்வின் ஒரு சிறு துளி. யாரும் அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை, ஏனென்றால் எந்தப் பேரேட்டிலும் அவள் பெயர் இருக்கவில்லை. ஒரு நாள் கதம்பை வரவில்லை, அவ்வளவுதான்.

*

எங்கள் ஊரில் உட்கார் என்று சொல்லமாட்டோம், இரி என்போம். தமிழில் ‘இரு’ என்ற வினைக்கு உட்காருதல் என்றும் பொருள், உயிரோடு இருத்தல் என்றும் பொருள். இருக்கை என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். ஒருத்தியை உட்கார விடாமல் வைப்பது அவள் இருப்பையே சுருக்குவது என்பதை நம் மொழி எப்போதோ அறிந்து வைத்திருக்கிறது.

என் அக்காள் மகள் ஒரு பெருநகரத்தில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்கிறாள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோதும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் கேமராவில் தெரியும், சம்பளத்தில் பிடிப்பார்கள். 26 வயதில் அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது.

கடைப் பெண்கள் உட்காருவது பற்றிய சட்டம் புதிதொன்றும் அல்ல. பிரிட்டனில் 1899இலேயே, மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. ஆலைக்குள் மட்டும். கடைகளுக்கு அது வரப் பெண்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாகக் கடைப் பெண்களைத் திரட்டினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கியது அது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த பெண்கள் அவர்கள். பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். உட்காருவதற்காக உட்கார்ந்த போராட்டம். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதே நோக்கத்தோடு மசோதா வந்தது. நம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்க்கும் நேரத்தில் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அது. ஆலைக்குக் கிடைத்த உரிமை தமிழ்நாட்டுக் கடைக்கு வந்துசேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

முற்றத்தில் கயிறு திரித்தவள் ஆலையிலும் இல்லை, கடையிலும் இல்லை. அவளை எந்தப் பிரிவும் எட்டவில்லை. அடுப்படியில் நிற்பவளை எட்டும் பிரிவு இன்னும் எழுதப்படவே இல்லை.

சட்டம் வந்த பிறகு உங்கள் கடையில் இருக்கை போட்டார்களா என்று அக்காள் மகளிடம் கேட்டேன். “ஒரு தளத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்காங்க சித்தி. மேல் தட்டுல இருக்க பெட்டிய எடுக்க ஏறி நிக்கிறதுக்கு.”

*

கடைசியில் கயிற்றை நானும் அம்மாவும் சேர்ந்து கட்டினோம். பட்டறைக்காரர் முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் சுற்றிச் சுற்றிப் பாவு போட வேண்டும். பிறகு பக்கவாட்டில் இரண்டு இழைக்கு மேலும் இரண்டு இழைக்குக் கீழுமாக ஊடு கொடுக்க வேண்டும். கட்டிலைப் போல ஸ்டூலுக்கு இழுகயிறு கிடையாது. ஒவ்வொரு சுற்றையும் அப்போதே இழுத்துவிட வேண்டும், பிறகு திருத்த வழியில்லை. அம்மா கயிற்றில் தண்ணீர் தெளித்துப் பதமாக்கினாள். இற்றுப்போன இடங்களை வெட்டிவிட்டு, முறுக்கைப் பிரித்து, இரண்டு முனைகளின் இழைகளையும் ஒன்றுக்குள் ஒன்று செலுத்தி முடிச்சில்லாமல் இணைத்தாள். நான் இழுத்தேன். முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்தது. அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள். தடித்துக் காய்த்துப்போன விரல்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காய்ப்பு போகவில்லை. “இது வருகது வரைக்கும் எரியத்தான் செய்யும்” என்றாள்.

நான்கு நாளில் முடிந்தது. முன்பக்கம் இறுக்கம், ஒரு மூலையில் கொஞ்சம் கோணல். சமையலறையில் அடுப்புக்கும் கிரைண்டருக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தியது.

அம்மா அதில் உட்காரவில்லை. முதல் நாள் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். மறுநாள் தேங்காய் துருவிய கிண்ணம் அதன்மேல் இருந்தது. நான் எடுத்து வைப்பேன், அவள் மறுபடியும் ஏதாவது வைப்பாள். ஒரு வாரம் இப்படியே போனது. கோபித்துக்கொண்டபோது, “அடுப்புல தீ கெடக்கச்சில இரிக்க மனசு வராது மக்ளே” என்றாள். ஜவுளிக்கடையில் யாரோ ஒரு மேற்பார்வையாளர் கேமராவில் பார்க்கிறார். அம்மாவைப் பார்க்க யாரும் இல்லை, அப்பா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவள் நின்றாள். ஒரு பொருளைச் செய்து கொடுத்துவிட்டால் போதும் என்று நான் நினைத்தது எவ்வளவு எளிய நினைப்பு!

அந்த மாதக் கடைசியில் அக்காள் மகள் இரண்டு நாள் விடுமுறையில் வந்தாள். வந்ததும் சமையலறைக்குள் போய், கிண்ணத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அம்மா அவள் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து தொட்டுப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, “நீங்க இரிங்க ஆச்சி, நான் கிளறுதேன்” என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அம்மா உட்கார்ந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டத்தோரம் கயிற்றை அழுத்திப் பார்த்தாள். கட்டில் கட்டுகிற தாத்தா பார்ப்பாரே, அதே மாதிரி.

“பொறத்த பக்கம் கொஞ்சம் தொய்யுது” என்றாள் என்னிடம். “நீ நல்லா இழுக்கேல்ல.”

குழம்பு கொதித்து இறங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.